விளையாடியவர் படிக்கும் நாவல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. பிணக்கிடங்கின் மேடை ஒன்றில் ஒருவன் கண்விழிப்பதில் அது தொடங்குகிறது. உடலெங்கும் வடு. முதுகில் பச்சை குத்திய எழுத்து. கொல்லப்பட்டாலும் மீண்டும் எழுகின்ற விந்தை உடல் அவனுடையது. தான் யார் என்ற நினைவு மட்டும் இல்லை. பெயரில்லான் என்பதே அவனைக் குறிக்கும் சொல். அவன் எத்தகைய மனிதன் என்பதை விளையாடுபவர் அவனுக்காகத் தேர்ந்தெடுக்கும் மறுமொழிகளே முடிவு செய்கின்றன. வாள்வீச்சைவிட உரையாடல் மிகுந்த விளையாட்டு அது. அதில் உள்ள சொற்கள் ஏறத்தாழ எட்டு இலட்சம் எனக் கணக்கிடுவர். கதையின் இறுதியில் அவன் தன் பெயரை அறிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. அவன் அறிகிறான், விளையாடுபவருக்கு அப்பெயர் சொல்லப்படுவதில்லை.

அதே ஆண்டில் இவ்விளையாட்டைத் தழுவி ஒரு நாவலும் வெளிவந்தது. ரே வல்லீஸ், வலரி வல்லீஸ் ஆகிய இருவர் இணைந்து எழுதியது. விளையாட்டு முழுமை பெறுவதற்கு முன்பிருந்த தொடக்க வரைவே அவர்களுக்குக் கிடைத்த மூலம். அந்நாவல் பெயரில்லானுக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டது. விளையாட்டின் ரசிகர்கள் அந்நாவலை மன்னிக்கவில்லை.

ஒரு பாத்திரத்திற்குப் பெயர் வைத்ததற்கு இத்துணைச் சினமா என்று கேட்கத் தோன்றும். விளையாடாதவர்க்கு அது சிறு செய்தி. விளையாடியவர்க்கோ அந்தப் பெயரின்மைதான் கதைக்குள் நுழைந்த வாயில். நாவல் படிப்பவர் தலைவனின் தோளுக்குப் பின்னால் நின்று நிகழ்வதைக் காண்கிறார். விளையாடுபவர் அவனுடைய கையாகவே இருக்கிறார். கதவைத் திறந்தவர் அவர். பொய் சொன்னவர் அவர். உடன்வந்தவரைக் காக்கத் தவறியவரும் அவரே. ஆகவே அக்கதை அவர் நெஞ்சில் படித்த கதையாகத் தங்குவதில்லை. தாம் செய்த செயலாகத் தங்குகிறது. அச்செயலைப் பிறரொருவர் வந்து, 'இவ்வாறுதான் நடந்தது' என்று அச்சிற் சொல்லும்போது மனம் முரண்டு பிடிப்பது இயல்பே.

விளையாட்டுகளை ஒட்டி எழுதப்படும் நாவல்களையும் எடுக்கப்படும் படங்களையும் இலக்கிய உலகம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வணிகப் பண்டம் என்று ஒதுக்கிவிடுகிறது. அவை வணிகப் பண்டங்கள் என்பது உண்மையே. ஆனால் அவற்றைச் சுற்றி எழும் ரசிகர் கருத்துகளுள் நுழைந்து பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மூலத்திற்கும் தழுவலுக்கும் உள்ள உறவைப் பற்றி இத்துணைக் கூர்மையாகவும் இத்துணைப் பிடிவாதமாகவும் வாதிடும் வாசகர் கூட்டம் வேறெங்கும் எளிதிற் கிடைக்காது. ரசிகர் என்ற சொல்லைச் சற்றுத் தாழ்வாக வழங்கும் பழக்கம் வந்துவிட்டது. இவர்களுள் பலர் சுவைஞர் என்னும் பெயருக்கே உரியவர்கள்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறது. வழிநூல் செய்பவன் முதல்நூலின் முடிபோடு முரணலாகாது. தான் விரும்பும் வேறுபாட்டைச் சேர்க்க அவனுக்கு உரிமையுண்டு. அவ்வுரிமை மரபைக் குலைக்கும் அளவிற்குச் செல்லலாகாது. பவணந்தியார் நூல்களுக்கு வகுத்ததை வீடியோ விளையாட்டுகளுக்கு ஏற்றிப் பேசுவது சற்றுத் துணிச்சலான செயல்தான். ஆயினும், அவர் பெயரையே கேட்டிராத இளைஞர்கள் ஏறத்தாழ இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறுவதைக் காணும்போது அத்துணிச்சலை அவை பொறுத்துக்கொள்ளும். விளையாட்டை ஒட்டி வரும் நாவலை இனி வழிநாவல் என்றே குறிக்கலாம்.

ரசிகர்கள் கொண்டாடிய வழிநாவல் ஒன்றை முதலிற் காண்போம். 'ஹேலோ' என்னும் விளையாட்டு 2001 நவம்பரில் வெளிவந்தது. அதன் தலைவன் மாஸ்டர் சீஃப் எனப்படும் படைவீரன். கவசத்தைக் கழற்றான், முகம் காட்டான், பேசுவதும் ஓரிரு சொற்களே. விளையாட்டு கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே எரிக் நைலண்ட் எழுதிய 'தி ஃபால் ஆஃப் ரீச்' என்ற நாவல் வந்துவிட்டது. ஏழே வாரங்களில் எழுதி முடிக்கப்பட்டது. முதல்நூலுக்கு முன்னரே பிறந்த வழிநூல் எனலாம். இப்படியொரு பிறப்பை நன்னூலார் எண்ணியிருக்கமாட்டார்.

அந்நாவலின் தொடக்கத்தில் ஹால்சி என்னும் பெண் அறிவியலறிஞர் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பள்ளி விளையாட்டிடத்தில் சந்திக்கிறார். ஒரு நாணயத்தைச் சுண்டி எறிகிறார். எந்தப் பக்கம் விழும் என்று கேட்கிறார். சிறுவன் சரியாகச் சொல்கிறான். நாணயத்தை அவனிடமே கொடுத்துவிட்டுச் செல்கிறார். பின்னர் அந்தச் சிறுவன் கடத்தப்படுகிறான். அவனைப் போலவே உருவாக்கப்பட்ட ஓர் உடற்படி வீட்டில் வைக்கப்படுகிறது. அது நோயுற்று இறக்கிறது. பெற்றோர் தம் மகன் இறந்தான் என்றே நம்பி அழுகின்றனர். இப்படிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் 75 பேர். உடலை வலுவாக்கும் அறுவை மருத்துவத்தில் 30 பேர் இறக்கின்றனர். 12 பேர் முடமாகின்றனர். எஞ்சியோருள் ஒருவனே பின்னாளில் கவசத்திற்குள் நிற்கும் சீஃப்.

இந்நாவலை ரசிகர்கள் ஏன் நெஞ்சில் வைத்துப் போற்றுகிறார்கள்? நடையழகுக்காக என்று அவர்களே சொல்வதில்லை. நடை எளியது, போர்க்காட்சிகளில் சற்று எந்திரத்தனமானதும்கூட. காரணம் வேறு. விளையாடியவரின் கை படாத இடத்தில் இந்நாவல் நடக்கிறது. அவர் செய்த எதையும் அது பறிக்கவில்லை; அவர் அறியாத ஒன்றைக் கொடுத்தது. நாவலைப் படித்துவிட்டு மீண்டும் விளையாட அமர்பவர், அதே கவசத்தினுள், களவாடப்பட்ட ஒரு குழந்தை இருப்பதை உணர்கிறார். திரையில் எதுவும் மாறவில்லை. ஒரு புள்ளி, ஒரு நிறம்கூட மாறவில்லை. சொல் மட்டும் உள்ளே புகுந்து பொருளை மாற்றிவிட்டது. படத்திற்கு முன்னால் சொல்லுக்கு என்ன வேலை என்று கவலைப்படும் கவிஞர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

இரண்டாவது நாவல் 2003இல் வந்தது. வில்லியம் டீட்ஸ் எழுதிய 'தி ஃப்ளட்'. இது விளையாட்டின் கதையையே முதலிலிருந்து இறுதிவரை திரும்பச் சொல்வது. சீஃப் ஓர் இடைவழியில் சுட்டுக்கொண்டு சென்றான், பின்னர் மற்றோர் இடைவழியில் சுட்டுக்கொண்டு சென்றான் என்ற பகுதிகளைக் கண்டு ரசிகர்கள் சலித்தனர். அச்செயலை அவர்களே பலமுறை செய்து முடித்தவர்கள் அல்லவா! ஆனால் அந்நாவலிலும் அவர்கள் விரும்பிய பகுதி உண்டு. ஜென்கின்ஸ் என்ற படைவீரன் விளையாட்டில் ஒரு பதிவுப்படத்தின் வழியாக மட்டுமே தெரிய வருபவன். ஒட்டுயிர்க் கூட்டம் ஒன்று அவன் உடலைக் கைப்பற்றுகிறது. உடல் பறிபோன பின்னும் அறிவு அணையாமல் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும் அவன் நிலையை நாவல் சொல்கிறது. விளையாட்டில் ஒரு கணம் தோன்றி மறைந்த உயிருக்கு அங்கே மனம் வாய்த்தது.

முரண்பாடு எங்கிருந்து வரும் என்பதும் எதிர்பாராதது. 2010இல் 'ஹேலோ: ரீச்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. ரீச் என்னும் கோள் வீழ்ந்த வரலாறே அதன் பொருள். நைலண்டின் நாவல் பாடிய அதே போர். நாவலின்படி 2552 ஆகஸ்டு 30ஆம் நாள் பகைவரின் பெரும்படை வந்து கோளைத் தாக்குகிறது. விளையாட்டிலோ சூலை மாதமே பகைவர் கோளில் இறங்கி, போர் பல வாரங்கள் நீடிக்கிறது. நாவலில் விண்ணில் நின்ற கப்பல் விளையாட்டில் தரையிலிருந்து எழுகிறது. ஒன்பதாண்டுகள் நாவலை மெய்வரலாறாகக் கொண்டிருந்த ரசிகர்கள் திகைத்தனர். இம்முறை மீறியது வழிநூலன்று. முதல்நூலுக்கு உரிமையுடையோரே மீறினர்.

அடுத்து நிகழ்ந்ததை உரையாசிரியர் மரபில் வந்தவர்கள் சுவைத்து மகிழலாம். விளையாட்டின் சிறப்புப் பதிப்போடு ஹால்சியின் நாட்குறிப்பு என்ற ஒரு சிறு நூல் சேர்த்து வழங்கப்பட்டது. இரண்டு வரலாறுகளையும் எப்படியாவது இணங்கவைக்கும் குறிப்புகளை அது தந்தது. மூலத்தில் மாறுகொளக் கூறல் தென்படும்போது, அது குற்றமன்று, இன்ன கருத்தால் அவ்வாறு சொன்னார் என்று அமைதி காட்டும் உரைகாரரின் வேலை அது. ரசிகர்கள் அத்துடனும் நிற்கவில்லை. நாள்வாரியாக அட்டவணையிட்டு, விடுபட்ட இடைவெளிகளுக்குத் தாமே அமைதி காட்டினர். தொலைக்காட்சித் தொடர் 2022இல் வந்தபோது இந்த வேலைக்கும் வழியில்லாமற் போயிற்று. தொடரை எடுத்தவர்கள், இது தனியொரு காலவரிசை என்று முன்னரே அறிவித்துவிட்டனர். முதல் பகுதியிலேயே சீஃப் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டினான். ரசிகர்களுள் பெரும்பிரிவினர் முகம் சுளித்தனர். நடிகர்மீது குறையில்லை. அந்தக் கவசத்தின் வெற்றிடத்தில் இருபதாண்டுகளாகத் தத்தம் முகத்தையே வைத்திருந்தவர்கள் அவர்கள். இரண்டு பருவங்களுக்குப் பின் 2024இல் அத்தொடர் நிறுத்தப்பட்டது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, விளையாடியவர் தம் கை பட்ட இடத்தைக் காக்கிறார், கை படாத இடத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று ஒரு விதி வகுத்துவிடலாம் போலத் தோன்றும். அவ்விதிக்குள் அடங்காத ஒரு நிகழ்ச்சி 2012இல் நடந்தது. இப்பொருள் பற்றிய ஆராய்ச்சியில் மிகுதியும் எண்ணத்தக்கது அதுவே.

'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளி விளையாட்டின் முதற்பகுதிக்குத் தலைமைக் கதாசிரியர் ட்ரூ கார்பிஷின். அவரே அதையொட்டி மூன்று வழிநாவல்களும் எழுதினார். நான்காவதான 'டிசெப்ஷன்', முன்னர்க் கூறிய வில்லியம் டீட்ஸிடம் ஒப்படைக்கப்பட்டு, 2012 சனவரி இறுதியில் வெளிவந்தது. வெளிவந்த சில நாட்களிலேயே ரசிகர்கள் அதிலுள்ள பிழைகளைத் திரட்டத் தொடங்கினர். இன்ன பக்கத்தில் இன்ன செய்தி, முந்தைய நாவலில் அது இவ்வாறு, விளையாட்டில் அது இவ்வாறு என ஒப்புநோக்கிய நெடிய பட்டியல் உருவாயிற்று. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியரின் பொறுமை அதில் இருந்தது. ஆண்டுக் கணக்கு, ஆயுதத்தின் இயல்பு, வேற்றுக்கோள் இனத்தாரின் உடலமைப்பு என்று பலவும் அப்பட்டியலில் இருந்தன. இவை போன்றவற்றை விட்டுவிடலாம். எந்த நெடுங்கதையிலும் நேர்பவை.

விட்டுவிட முடியாதது ஒன்று. ஜில்லியன் என்னும் சிறுமி இரண்டாவது நாவலில் அறிமுகமானவள். ஆட்டிசம் உள்ளவள். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி விண்வெளிக் கதையொன்றில் நடுநாயகமாக நின்றது அரிய நிகழ்ச்சி. நான்காவது நாவலில் அவள் வளர்ந்தவளாக வருகிறாள். அவளுடைய ஆட்டிசத்தின் சுவடே இல்லை. காரணமும் கூறப்படவில்லை. காய்ச்சல் நீங்கியதுபோல் நீங்கிவிட்டது. அவளைக் காத்துவந்த ஹெண்டல் என்பவன் முன்னைய நாவலில் ஆண்களை விரும்புபவனாகச் சொல்லப்பட்டவன்; புதிய நாவலில் அவன் கண் பெண்கள்மேல் செல்கிறது. ரசிகர்களின் குரல் இங்கே மாறியது. பிழை கண்டோரின் ஏளனம் நீங்கி, இழப்புக்கு உள்ளானோரின் வருத்தம் வந்தது.

ஜில்லியன் விளையாட்டில் நேரில் தோன்றாதவள். எவருடைய கையும் அவளை இயக்கியதில்லை. நாவலில் மட்டுமே வாழ்பவள். சொல்லால் மட்டுமே ஆனவள். அவளுக்காக விளையாட்டு ரசிகர்கள் வழக்காடினார்கள் என்றால், அவர்கள் அப்போது விளையாடுவோராக நிற்கவில்லை, வாசகராக நின்றனர். வணிகப் பண்டம் என்று எவரும் பொருட்படுத்தாத ஒரு வழிநாவல், அவர்களுக்குள் முதல்நூலாகவே ஆகிவிட்டிருந்தது. அந்நாவலை வெளியிட்டோர்கூட அதை அவ்வளவு கருத்தாகப் படித்திருக்கவில்லை என்பது நான்காவது நாவலால் வெளிப்பட்டது. விளையாட்டு நிறுவனமும் பதிப்பகமும் ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்து, பின்வரும் பதிப்புகளில் திருத்தம் செய்வதாக அறிவித்தன. அச்சான நாவல் ஒன்றிற்காக வாசகரிடம் இவ்வாறு மன்னிப்புக் கேட்ட நிகழ்ச்சி அரிது.

அந்த ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுச் செல்வது எளிது. பல ரசிகர்கள் அதைச் செய்தனர். இவ்வகை நாவல்கள் எழுதப்படும் முறையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பொதுவாகக் கதையும் பாத்திரங்களும் நிறுவனத்திற்கே உரியவை. எழுதி முடித்த நாவலின் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்தையே சேரும். எழுத்தாளருக்கு ஊதியமும் கெடுவும் உண்டு. விளையாட்டு முற்றுப்பெறாத நிலையில் கிடைக்கும் வரைவுகளை நம்பி அவர் எழுதவேண்டும். எழுதியதை நிறுவனத்தார் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். ஆகவே ஜில்லியனை மறந்தது ஒருவருடைய மறதி மட்டுமன்று. பலர் கண் பட்டும் எவரும் காணாத மறதி. ஆயினும் அட்டையில் இருந்தது ஒருவர் பெயரே. பெயரில்லானுக்குப் பெயர் சூட்டிய அந்த இருவரும் முழுமை பெறாத வரைவோடு போராடியவர்களே என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

ரசிகர் குரலுக்கு வலிமை கூடிவருவது கண்கூடு. அவ்வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. 2019 ஏப்ரல் 30 அன்று 'சோனிக்' படத்தின் முன்னோட்டம் வெளிவந்தது. அந்த நீலநிற முள்ளெலியின் உருவம் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. மனிதப் பற்களோடு அது சிரித்தது. இரண்டே நாட்களில் உருவத்தை மாற்றுவதாக இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் அறிவித்தார். படம் நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. சோனிக் சித்திரக்கதைகள் வரைந்த டைசன் ஹெஸ் புதிய உருவத்திற்கு வழிகாட்டினார். படம் வென்றது; 30 கோடி டாலருக்குமேல் ஈட்டியது. ரசிகர்கள் சொன்னது சரிதான் என்று காலம் காட்டிவிட்டது. ஆனால் அப்படத்தின் காட்சிவரைகலையில் பணியாற்றிய வான்கூவர் நகரக் கூடம், படம் திரைக்கு வருமுன்பே, 2019 டிசம்பரில் மூடப்பட்டது. கூடத்தை மூடியதற்குச் சந்தை நெருக்கடியே காரணமாகச் சொல்லப்பட்டது. உருவ மாற்றத்தோடு அதை முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. எனினும் ரசிகர்களின் வெற்றி பேசப்படும்போதெல்லாம், அந்த உருவத்தை மீண்டும் தீட்டிய கைகள் பேசப்படுவதில்லை என்பது உண்மை.

தழுவலில் மாற்றம் செய்தாலே ரசிகர்கள் எதிர்ப்பார்கள் என்று நம்புவோர்க்கு 2023 சனவரியில் ஒரு விடை கிடைத்தது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற 2013ஆம் ஆண்டு விளையாட்டு தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதன் மூன்றாம் பகுதி பில், ஃப்ராங்க் என்ற இரு ஆடவர் வாழ்வைச் சொல்வது. விளையாட்டில் ஃப்ராங்க் உயிரோடு தோன்றுவதில்லை. தூக்கில் தொங்கும் உடலாகவும், பில்லின்மீது கசப்பு நிறைந்த ஒரு கடிதமாகவுமே தோன்றுகிறான். தொடரிலோ இருவரும் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்கின்றனர். ஃப்ராங்க் நோயுற்றபோது ஒன்றாகவே இறக்கின்றனர். கடிதம் உண்டு, எழுதுபவன் பில், கசப்பு இல்லை. முடிபு தலைகீழாக மாறியது. நன்னூல் விதிப்படி இது வழிநூலே ஆகாது. ஆனால் விளையாட்டை நெஞ்சார நேசித்தவர்களுள் மிகப்பலர் இந்தப் பகுதியைத்தான் தொடரின் உயிர் என்றனர். பில்லாக நடித்த நிக் ஆஃபர்மன் எம்மி விருது பெற்றார். குறைந்த மதிப்பெண் இட்டுப் பழித்தோரும் இருந்தனர். அவர்களுள் பலர் மூலத்திற்காகப் பேசியவர்கள் அல்லர், இரு ஆடவரின் அன்பைப் பொறாதவர்கள். மூலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொன்றைக் காப்பவர்களைப் பிரித்தறிவதும் திறனாய்வாளர் வேலைகளுள் ஒன்று.

கடிதத்தைக் கண்டெடுத்துப் படித்ததற்கு மேல் விளையாடியவர் அங்கே எதுவும் செய்ததில்லை. பதினாறாண்டு வாழ்வு எவருடைய கையும் படாமல் அங்கே கிடந்தது.

பெயரில்லானின் கதை நாவல் வந்ததோடு முடிந்துவிடவில்லை. அந்நாவலால் நிறைவு பெறாத ஒரு ரசிகர், தாமே ஒரு நூலைத் தொகுத்தார். சொந்தமாகக் கதை புனையவில்லை. விளையாட்டில் உள்ள உரையாடல்களையும் வருணனைகளையும் எடுத்து வரிசைப்படுத்தி, படிப்பதற்குரிய நூலாக்கினார். பெயரில்லான் அதில் பெயரில்லானாகவே இருந்தான். ரசிகர்கள் பலர் அதையே மெய்யான நாவல் என்று வரவேற்றனர். ஆனால் விளையாட்டில் ஒவ்வொரு வினாவுக்கும் நான்கைந்து மறுமொழிகள் திரையில் நிற்கும். விளையாடுபவர் தமக்கு உகந்ததைத் தேர்வார். நூலில் ஒன்றுக்குத்தான் இடம். ஒவ்வொரு வினாவிலும் அந்தத் தொகுப்பாளர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட நேர்ந்தது. பொய் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் அவருடைய பெயரில்லான் உண்மை பேசினான். அல்லது உண்மை பேசியிருக்கக்கூடிய இடத்தில் வாய்மூடி நின்றான். அவனுக்குப் பெயர் வைக்க மறுத்தவரே, பக்கத்துக்குப் பக்கம் அவனுக்கு ஒரு குணத்தை வைத்துக்கொண்டு போனார்.